ஷெப்பர்ட் தோற்றிருந்தால் என்ன?

மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்களையும் ஆடி முடித்துவிட்டு, இத்தனை நாள் கூடவே இருந்த நாயகன் ஷெப்பர்டை இப்படிக் கொல்வது நியாயமா, அறிவியல் புனைகதை கேம் தொடருக்கு இருண்ட முடிவு பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும். இந்தத் தொடருக்கு ரொம்பவே பொருந்தும். 2012 மார்ச்சில் வந்த முடிவு போதிய அளவு இருட்டாக இல்லை என்பதுதான் என் குறையே. கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஒன்று, கீழே பெயர் வரும் கேம்களின் முடிவை எல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன். எதையாவது இன்னும் ஆடவில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக்கொள்வோம். நாயகன் செத்தால் மனசு கனக்கிறது. அது சோகம். நாம் போட்ட கணக்கு எதுவும் கடைசியில் சேரவில்லை என்றால் வருவது வேறு, அது எரிச்சல். மாஸ் எஃபெக்ட் 3 முடிந்ததும் உங்களுக்கு வந்தது இதில் எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு வந்தது இரண்டாவது.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. இந்தத் தொடரின் உயிரே அதுதான். 2007-இல் முதல் பாகம், 2010-இல் இரண்டாவது, 2012-இல் மூன்றாவது. மூன்றையும் கோத்த நூல் கதை மட்டுமில்லை, நாம் ஆடியதைப் பதிந்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகும் சேவ் ஃபைலும்தான். முதல் பாகத்தில் விர்மைர் கிரகத்தில் கூட்டாளிகளில் ஆஷ்லியா கைடனா, யாரைக் காப்பாற்றுவது என்று கேட்பார்கள். நீங்கள் விட்டுவிட்டு வந்தவர் மூன்றாம் பாகத்தில் வரமாட்டார். தொடரை உருவாக்கிய பயோவேர்காரர்கள் ஐந்து வருஷம் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: நீ செய்வதை எல்லாம் எழுதி வைக்கிறோம்.

அந்த எழுத்தின் அருமை எனக்குத் தெரிந்தது அது அழிந்தபோதுதான். மூன்றாம் பாகம் வந்த சமயம் என் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து, 'இப்ப நல்லா ஓடும் சார்' என்று கையில் கொடுத்தார். சரி, போகட்டும் என்று பழைய சேவ் இல்லாமலே மூன்றாவதை ஆரம்பித்தேன். குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தலைவனாக என் பழைய கூட்டாளி ரெக்ஸ் வந்து நிற்பான் என்று காத்திருந்தால், ரீவ் என்று ஒருவன் வந்து முறைக்கிறான். சேவ் இல்லாதவர்களுக்கு கேம் தானாக எடுத்துக்கொள்ளும் உலகத்தில், ரெக்ஸ் முதல் பாகத்திலேயே செத்துவிட்டான். நான் கொல்லவே இல்லையே! அந்த உலகம் என் உலகத்தைவிட இருண்டது, ஆனால் அதில் எனக்கு ஒரு துளிகூட சோகம் இல்லை. யாரோ செய்த பாவம். நிறுத்திவிட்டு முதல் பாகத்திலிருந்து மறுபடி ஆடினேன்.

சாவு இந்தத் தொடருக்குப் புதிதும் இல்லை. குரோகன்களின் கிரகமான டுசாங்காவில் மோர்டின் சாவதை நினைத்துப் பாருங்கள். குரோகன் இனம் பெருகாமல் இருக்க சலேரியன் என்ற இன்னொரு இனத்தவர் உருவாக்கிய நோய் ஜெனோஃபேஜ். அதைப் பிற்பாடு மேம்படுத்திய சலேரியன் விஞ்ஞானிகளில் ஒருவர் மோர்டின் சோலஸ். இரண்டாம் பாகம் முழுக்க அதை நியாயப்படுத்திக்கொண்டே இருப்பார், நியாயப்படுத்தும் வேகத்திலேயே அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று நமக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தில், இடிந்து விழும் கோபுரத்தில் லிஃப்ட் ஏறி மருந்தைக் காற்றில் கலக்கப் போகிறார். போனால் வரமாட்டார். நான்தான் போக வேண்டும், வேறு யாராவது போனால் தப்பாகச் செய்துவிடுவார்கள் என்கிறார். எல்லாம் முடிந்தபின் கடற்கரையில் உட்கார்ந்து சிப்பி பொறுக்கலாம் என்று முன்பு பேசிக்கொண்டிருந்த மனிதர், லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் அந்தச் சிப்பிகளைச் சோதனை செய்து பார்க்க ஆசைப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மேலே போய் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். பாதியில் வெடிக்கிறது.

இதைப் பார்த்து அழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 'ஏன் கொன்றீர்கள்' என்று பயோவேருடன் சண்டைக்குப் போனவர்களையும் பார்த்ததில்லை. இன்னொன்று தெரியுமா? மோர்டின் பிழைக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ரெக்ஸ் முன்பே செத்திருக்க வேண்டும், நோய் தீரும் நம்பிக்கையாக இருந்த ஈவ் என்ற குரோகன் பெண்ணும் செத்திருக்க வேண்டும். அப்போதுதான், இந்த மருந்து குரோகன்களை நல்ல வழிக்குக் கொண்டுபோகாது என்று பேசி அவரைத் திருப்பி அனுப்ப முடியும். அதாவது நீங்கள் ஏற்கெனவே உலகத்தைப் பாழாக்கி வைத்திருந்தால்தான் அவர் உயிரோடு இருப்பார். வேறு கலையில் இதை இப்படிச் செய்ய முடியாது. இருட்டு நம் கையிலிருந்து வருகிறது, நம் பெயரிலேயே பற்று எழுதப்படுகிறது.

இப்போது கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வருவோம். ஷெப்பர்டின் பழைய தளபதி ஆண்டர்சன் பக்கத்தில் உட்கார்ந்தபடி செத்துப்போகிறார். அதுவரை அருமை. கேம் அங்கேயே முடிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ஷெப்பர்டை ஒரு மேடை மேலே தூக்கிக்கொண்டுபோகிறது. அதுவரை பேசவே வராத கேட்டலிஸ்ட் என்ற ஒன்று, ஆரம்பத்தில் பூமியில் செத்த சிறுவனின் உருவத்தில் வந்து மூன்று வழி சொல்கிறது: உயிரினங்களை அறுவடை செய்ய வந்த ரீப்பர் இயந்திரங்களை அழி, கட்டுப்படுத்து, இல்லையென்றால் உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கல. சிவப்பு, நீலம், பச்சை. எதைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, நிறம்தான் வேறு. ஏ, பி, சி என்று பொறுக்கி எடுக்கும் முடிவாக இருக்காது என்கிற மாதிரி இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பு பேட்டி வேறு கொடுத்திருந்தார்!

ரசிகர்கள் பயோவேரின் எட்மன்டன் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வனிலா. இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. அதே ஆட்கள் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், வெறும் கூச்சல் போட்டவர்கள் என்று அவர்களுக்கு ஒரு பெயர் இருப்பதால்.

நான் முக்கியமாக நினைப்பது வேறு. அந்த முதல் முடிவு, எழுதியவர்களே கவனிக்காமல், அவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கொடூரமாக இருந்தது. மூன்று வழியிலும் கப்பல்களை ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டவைக்கும் மாஸ் ரிலேக்கள் விண்மீன் மண்டலம் முழுக்க வெடித்துச் சிதறும். ஆனால் ஒரு ரிலே வெடித்தால் என்ன ஆகும் என்று 2011-இல் வந்த 'அரைவல்' என்ற டிஎல்சியில், அதாவது பின்னால் சேர்த்த கூடுதல் பகுதியில், நாமே பார்த்திருக்கிறோம்: ஒரு சூரியக் குடும்பமே போய்விட்டது, பட்டேரியன் என்ற இனத்தவர் மூன்று லட்சம் பேர் ஒரேயடியாகச் செத்தார்கள். ஷெப்பர்ட் அதற்காகத்தான் பூமியில் கைதாகிக் கிடந்தான். அப்படியானால் எல்லா ரிலேயும் வெடித்தால்? அது போகட்டும். எல்லா இனங்களின் படையும் பூமிக்கு மேலே நிற்கிறது, திரும்பிப் போக வழியில்லை. டூரியன்களும் குவேரியன்களும் நம் சாப்பாட்டைச் சாப்பிட முடியாது, அவர்கள் உடம்பின் புரதமே வேறு அமைப்பு. ஷெப்பர்டின் டூரியன் நண்பன் கேரஸ் சண்டையில் பிழைத்துப் பட்டினியில் சாவானா என்று ரசிகர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கேமோ பின்னணியில் இதமான பியானோ வாசித்துக்கொண்டிருந்தது.

இது இருண்ட முடிவு இல்லை, கவனப்பிசகு. இருட்டை எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூனில் இலவசமாக வந்த 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற விரிவாக்கிய முடிவு, ரிலேக்களை வெடித்தவை என்பதிலிருந்து சேதமடைந்தவை என்று மாற்றியது. யார் யாருக்கு என்ன ஆனது என்று படங்களாகவும் காட்டியது. கணக்கில் விட்டுப்போனதைப் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

வேறு தொடர்கள் இதை எப்படிச் செய்தன என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2010-இல் வந்த ஹேலோ: ரீச். பங்கி ஸ்டூடியோ அந்தத் தொடரில் செய்த கடைசி கேம். ரீச் கிரகம் விழுந்துவிடும் என்று ஹேலோ ரசிகர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதவர்களுக்கும் முதல் காட்சியிலேயே உடைந்த ஹெல்மெட் ஒன்றைத் தரையில் கிடத்திக் காட்டிவிடுகிறார்கள். அது உங்கள் ஹெல்மெட். கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். கொடுத்து அனுப்ப வேண்டியதைக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது, கப்பலும் போய்விட்டது, கிரெடிட்ஸ் ஓடி முடிகிறது. அப்புறம் கன்ட்ரோலர் மறுபடி உங்கள் கைக்கு வருகிறது. திரையில் ஒரே உத்தரவு: பிழைத்திரு. பிழைக்கவே முடியாது. எத்தனை பேரைச் சுட்டாலும் வந்துகொண்டே இருப்பார்கள். அடி விழ விழ உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி விரிசல் விடும். நான் முதல் தடவை ஆடும்போது ஓர் ஓட்டைக் கட்டடத்துக்குள் ஒளிந்து, வெளியே போகாமலே கொஞ்ச நேரம் நின்றேன். கேம் ஒன்றும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வேறு வழியில்லாமல் நானே வெளியே போனேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கட்டடத்தின் வாசல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வசதி அவர்களுக்கு இருந்தது என்பது உண்மைதான். ரீச் முன்கதை. அந்தத் தோல்விக்குப் பின்னால் தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃப் வரப்போகிறான் என்று நமக்குத் தெரியும், 2001-லேயே அவனை ஆடிவிட்டோம்.

இதற்கு நேர் எதிர் டெட் ஸ்பேஸ். மூன்றாம் பாகம் 2013 பிப்ரவரியில் வந்தது. நாயகன் ஐசக் கிளார்க் தன்னைக் கொடுத்து உலகைக் காப்பாற்றிவிட்டான் என்கிற மாதிரி முடிந்தது. அடுத்த மாதமே காசு கொடுத்து வாங்க வேண்டிய 'அவேக்கன்ட்' டிஎல்சி. அதில் ஐசக் உயிரோடு எழுந்து, எப்படியோ பூமிக்குத் திரும்பிப் பார்த்தால், உயிர்களைத் தின்னும் அந்த நிலவுகள் அவனுக்கு முன்பே அங்கே வந்துவிட்டன. திரை இருள்கிறது. முடிந்தது. நான்காம் பாகம் வரவில்லை. விசரல் ஸ்டூடியோவையே 2017-இல் மூடிவிட்டார்கள். 2023-இல் வந்ததும் முதல் பாகத்தின் மறு உருவாக்கம்தான். அந்தக் காட்சி பயமாக இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அது முடிவாக எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பாகத்துக்குப் போட்ட கொக்கி, மீன் வராததால் முடிவாகிப்போனது.

தொடர் இல்லை என்றாலும் அவுட்டர் வைல்ட்ஸ் (2019) பற்றி ஒரு வார்த்தை. 22 நிமிஷத்துக்கு ஒரு முறை சூரியன் வெடிக்கும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து விழிப்பீர்கள். அழிந்துபோன நோமாய் இனம் சூரியனை வெடிக்கவைக்க ஒரு நிலையம் கட்டியது தெரிந்ததும், சரி, இதை அணைத்தால் போதும் என்று உயிரைக் கொடுத்து அங்கே போய்ச் சேர்வீர்கள். போனால், அந்த நிலையம் வேலையே செய்யவில்லை, சூரியனுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று கை ஓய்ந்துபோனது. அதற்கப்புறம் வரும் எந்த முடிவையும் ஏற்றுக்கொள்ளும் மனசு அங்கேயே வந்துவிடுகிறது. பாதி கேமிலேயே நம்மைத் தயார் செய்துவிட்டார்கள்.

மாஸ் எஃபெக்ட்டும் நம்மைத் தயார் செய்திருந்தது. நான் சொல்ல வருவது இதுதான், முதல் பாகத்திலேயே செய்திருந்தது. ஐலோஸ் கிரகம் ஞாபகம் இருக்கிறதா? ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை ரீப்பர்கள் வந்து அறுவடை செய்வார்கள், போன தடவை அழிந்தவர்கள் புரோத்தியன்கள். ஐலோஸில் ஒளிந்திருந்த அவர்களுடைய விஞ்ஞானிகள் உறைநிலையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் குறையக் குறைய, காவலுக்கு இருந்த விஜில் என்ற கணினி, அவசியம் குறைந்தவர்களின் பெட்டிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக அணைத்தது. நூற்றுக்கணக்கில் படுத்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் எழுந்தார்கள். எழுந்து பார்த்தால் இனமே இல்லை. இனி தங்களால் ஒரு குழந்தையைக்கூட வாழவைக்க முடியாது என்று தெரிந்தும், அவர்கள் சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்துக்குப் போய், அங்கே ரீப்பர்களுக்குக் கதவு திறந்துவிடும் கீப்பர்கள் அந்தக் கட்டளைக்குப் பணியாதபடி சமிக்ஞையை மாற்றிவைத்தார்கள். அங்கே சாப்பாடு, தண்ணீர் கிடையாது. மெல்ல மெல்லச் செத்திருப்பார்கள் என்று விஜில் சொல்கிறது, அழாத குரலில். ஷெப்பர்டுக்கும் நமக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்ததே அவர்களால்தான்.

கேமின் மொத்தக் கதையும் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தோற்றவர்கள், தங்களுக்குப் பின்னால் வரப்போகும், முகம் தெரியாத யாருக்கோ செய்த வேலை.

இப்போது எக்ஸ்டெண்டட் கட்டில் சேர்த்த நான்காவது முடிவைப் பாருங்கள். கேட்டலிஸ்ட் நீட்டும் மூன்றையும் மறுக்கலாம், அல்லது அந்த உருவத்தைச் சுடலாம். சுட்டால் அதன் குரல் சிறுவன் குரலிலிருந்து ரீப்பரின் குரலாக மாறி, அப்படியே ஆகட்டும் என்கிறது. ரீப்பர்களை வீழ்த்த எல்லோரும் சேர்ந்து கட்டிய க்ரூசிபிள் என்ற கருவி அணைகிறது. நாம் தோற்கிறோம். கேரஸ், டாலி, ரெக்ஸ், எல்லோரும் போய்விடுகிறார்கள். பிறகு ஒரு கிரகம், அதில் ஷெப்பர்டின் கூட்டாளி லியாரா புதைத்துவைத்த பெட்டகம். நாங்கள் ஒன்றுசேர்ந்து போராடினோம், போதவில்லை, இது உங்களுக்காவது உதவட்டும் என்கிற பொருளில் அவள் உருவம் பேசுகிறது. கிரெடிட்ஸுக்குப் பின்னால் வரும் காட்சியில் அடுத்த சுழற்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டதாகத் தெரிகிறது. அந்தப் பெட்டகம் திடீரென்று முளைத்ததும் இல்லை. ஷெப்பர்டின் அறைக்கு வந்து, உன்னைப் பற்றி இதில் என்ன எழுத வேண்டும் என்று லியாரா முன்பே கேட்டிருப்பாள்.

நான்கில் மிக இருண்டது இது. ஐலோஸோடு நேராகப் பொருந்துவதும் இதுதான். நாம்தான் இப்போது புரோத்தியன்கள்.

பலருக்கு இது பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற முடிவுகளுக்குக் காட்சி காட்சியாகப் படம் போட்டவர்கள் இதை ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நாங்கள் கொடுத்ததை வேண்டாம் என்றாயா, இந்தா வாங்கிக்கொள் என்று அறைந்த மாதிரி இருக்கும். அதைவிடப் பெரிய குறை, நீங்கள் எத்தனை படை சேர்த்திருந்தாலும் இந்த முடிவு மாறாது. நானாக இருந்தால் கணக்கை அந்தப் பெட்டகத்துக்குள் எழுதியிருப்பேன். ரெக்ஸைக் காப்பாற்றியிருந்தால் அவன் பெயரை லியாரா சொல்ல வேண்டும். கெத்து என்ற இயந்திர இனத்துக்கும் குவேரியன்களுக்கும் சமாதானம் செய்துவைத்திருந்தால், அது நடக்கக்கூடியதுதான் என்று அடுத்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நிறையச் சேர்த்தவர்களின் பெட்டகம் நிறைந்திருக்க வேண்டும், அவசரமாக ஓடிவந்தவர்களுடையது பாதி காலியாக இருக்க வேண்டும்.

இன்னொரு நல்ல இருண்ட முடிவும் உள்ளே ஒளிந்திருக்கிறது, பெரும்பாலானோர் பார்த்திருக்கமாட்டார்கள்: படைபலம் ரொம்பக் குறைவாக இருந்து அழிக்கும் வழியைத் தேர்ந்தால் ரீப்பர்களோடு சேர்ந்து பூமியும் எரிந்துபோகும். சோம்பேறித்தனத்துக்கு சரியான கூலி. ஆனால் வெளியான புதிதில் மல்டிபிளேயர் ஆடாதவர்களுக்கு, படைபலத்தில் எவ்வளவு கணக்கில் சேரும் என்று சொல்லும் தயார்நிலை பாதியிலேயே, 50 சதவீதத்தில், நின்றுவிடும். அதனால் அந்தக் கணக்குமே கொஞ்சம் கோணல்.

தொடர் என்பதால் முடிவுக்குப் பின்னால் கடை திறந்திருக்க வேண்டாமா என்றும் ஒரு கேள்வி எழும். 2017-இல் வந்த ஆண்ட்ரோமெடா என்ன செய்தது என்று பாருங்கள். மூன்றாம் பாகத்தின் முடிவு வருவதற்கு முன்பே, 2185-இல், கப்பல் ஏறி 600 ஆண்டு தூங்கி வேறு விண்மீன் மண்டலத்துக்கே போய்விட்டார்கள். மூன்று நிறத்தில் எது நடந்தது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே! ஐம்பதாயிரம் ஆண்டு தள்ளி அடுத்த சுழற்சியில் ஒரு கதை எழுதியிருந்தால், அந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். புது இனங்கள், புது ஊர்கள், தரைக்கு அடியில் எங்கோ லியாராவின் பெட்டகம். நாம் முதல் பாகத்தில் புரோத்தியன்களைத் தோண்டிய மாதிரி, அவர்கள் நம்மைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

உங்களிடம் கடைசிச் சண்டைக்கு முந்தைய சேவ் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். நேராக முடிவுக்கு ஓடாமல், முதல் பாகத்தை எடுத்து ஐலோஸில் விஜில் பேசுவதை முழுசாக ஒரு முறை கேளுங்கள், பாதியில் பட்டனைத் தட்டித் தாண்டிவிடாதீர்கள். அப்புறம் மூன்றாம் பாகத்துக்கு வந்து, மேடையில் அந்தச் சிறுவன் பேசி முடித்ததும் துப்பாக்கியை எடுங்கள்.